சிறையில் நாடா செய்த பனியன்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், எந்நேரமும் நித்தியத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் வீட்டுக் கடமையை யார் பார்ப்பது?" அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பக்கம் ஓட்டைப் பாத்திரங்களைச் சரிசெய்து பிழைத்தவர் ஜான் பனியன். அனுமதி இல்லாமல் பிரசங்கித்தார் என்று 1660-ல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 12 வருஷம் போய்விட்டது.

வீட்டு நிலைமை என்ன? கணவர் கைதான அதிர்ச்சியில் இரண்டாம் மனைவி எலிசபெத்துக்குக் குறைப்பிரசவமாகிக் குழந்தை இறந்தது. மூத்த தாரத்துப் பிள்ளைகள் 4 பேரையும் அவர்தான் வளர்த்தார். அவர்களில் மேரிக்குக் கண் தெரியாது. 1661-ல் எலிசபெத் நீதிபதிகள் முன்பே போய்த் துணிந்து மன்றாடினார். பலிக்கவில்லை.

பனியன் கல்மனசுக்காரர் அல்ல. அந்தக் கண் தெரியாத மகளை நினைத்து நொறுங்கியதைத் தம் சரிதையில் மறைக்காமல் எழுதினார். சிறையிலேயே நுனியில் உலோகம் பூட்டிய நாடாக்கள் செய்து, அந்தக் காசில் குடும்பத்தைத் தாங்கினார்.

1678-ல் வெளிவந்த அவருடைய 'மோட்சப் பிரயாணத்தில்' கிறிஸ்தியான் மனைவி மக்களை விட்டுத் தனியே ஓடுகிறான். வாசிக்கும்போது நமக்கே மனம் உறுத்தும். ஆனால் 1684-ல் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் மனைவியும் பிள்ளைகளும் அதே பாதையில் புறப்படுகிறார்கள்.

அந்தக் கதை நம் நெல்லைச் சீமைக்கும் வந்தது. 1827-ல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் கதையைத் தழுவி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். அது நூலாக வந்தது 1894-ல். அப்போது அவருக்கு வயது 67.

தம்பி, இதுதான் என் பதில். நித்தியத்தை நம்பிய பனியன் பிள்ளைகளின் சாப்பாட்டை மறக்கவில்லை. சாப்பாட்டுக்காக மனசாட்சியை விற்கவும் இல்லை. ஆனால் அந்த உறுதிக்கு விலை கொடுத்தது அவர் மட்டும் அல்ல. எலிசபெத்தும் மேரியும் சேர்ந்தே கொடுத்தார்கள். நம் வீடுகளிலும் ஊழியம், சபை என்று ஓடுகிறவர்களுக்குப் பின்னால் அப்படி ஒருவர் அடுப்படியில் இருப்பார். இன்று அவரிடம் போய் ஒரு வார்த்தை அன்பாய்ப் பேசுங்கள்.

புத்தகம் வீட்டில் இருந்தால் இரண்டாம் பாகத்தையும் வாசியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் சார்