கம்பம் நின்ற இடத்துக்கு அப்பால்: கொல்லிமலையில் என் லினக்ஸ் பெட்டி, தேனியில் ஒரு பழைய பாடம்

ரொம்ப நாளாக எழுத நினைத்த குறிப்பு இது. பாதி வரலாறு, பாதி ஒப்புதல் வாக்குமூலம்.

எங்க ஊர் மோகனூர். காவிரிக்கரை. இங்கே கரண்ட் போகும், வரும். கரண்டே எட்டாத இடத்தில் ஒரு கம்ப்யூட்டரை ஓட்டுவது வேறு சமாச்சாரம் என்பது கொல்லிமலை ஏறிய பிறகுதான் தெரிந்தது.

நண்பர் ஒருவருக்கு மலையில் மிளகுத் தோட்டம் இருக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேடு தாண்டி, ஜீப் பாதை முடிகிற இடத்தில் மின்கம்பமும் முடிந்துவிடும். அதற்கப்புறம் அரைமணி நேர நடை. ஒரு ஓட்டு வீடு, சுற்றிலும் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, பின்னால் காடு. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் குடும்பம்தான் அங்கே நிரந்தரக் குடி.

அந்த வீட்டில் ஒரு பழைய ராஸ்பெர்ரி பை வைத்தேன். மழை அளவையும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளும். அதோடு தமிழ் விக்கிபீடியாவின் நகல் ஒன்றை கிவிக்ஸ் மென்பொருள் வழியாக அதில் ஏற்றி, வைஃபையும் திறந்துவிட்டேன். இணையம் கிடையாது. பெரியவரின் பேரப்பிள்ளைகள் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து யானை, சூரியன், ராக்கெட் என்று தேடிப் படிப்பார்கள். நாலு மாசம் நல்லா ஓடுச்சு.

கார்த்திகை மாசம் பெட்டி நின்றுபோனது. பெரியவர் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு நடந்துபோய் போன் பண்ணினார். நான் கேட்ட முதல் கேள்வி, "வயரைப் புடுங்கினீங்களா?"

"இல்லீங்க தம்பி, நான் எதையும் தொடலீங்க."

"பசங்க யாராச்சும் அணைச்சிருப்பாங்க. நேரா ஆஃப் பண்ணக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருக்கலாம்ங்க" என்று மட்டும் சொன்னார்.

வேலை நெருக்கடியில் என்னால் உடனே போக முடியவில்லை. இரண்டு மாசம் ஆனது. அந்த இடைவெளியில், இதே மாதிரி வேலையை வேறு யார் செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தேனியில் நடந்தது

மலை, கிராமம், மோசமான மின்சாரம், லினக்ஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த நல்ல உதாரணம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துத் தேனி.

டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. தேனிக் கிளை 1985-இல் வந்தது. கிராமத்து ஆள் கண்ணைக் காட்ட டவுனுக்கு வர வேண்டுமென்றால் ஒருநாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. அதனால் சின்ன ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் இருப்பார், டாக்டர் இருக்கமாட்டார். நோயாளி மையத்தில் உட்கார, டாக்டர் தேனியிலிருந்து வீடியோவில் பேச வேண்டும். 2000-களின் நடுவில் அந்த ஊர்களில் வீடியோ தாங்குகிற இணையம் ஏது?

இங்கேதான் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 'டியர்' ஆய்வுக்குழு வருகிறது. தலைமை எரிக் புரூவர். நம்ம துறைக்காரர்களுக்கு இவரைத் தெரியும். டேட்டாபேஸ் பாடத்தில் வரும் கேப் தேற்றம் இவருடையதுதான். அவர் குழு எடுத்த வழி சாதாரண வைஃபை. கோபுரத்தில் திசை ஆண்டெனா, அதன் அடியில் சின்ன கம்ப்யூட்டர் ஒன்று: 266 மெகாஹெர்ட்ஸ் செயலி, 128 எம்பி நினைவகம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு ஃபிளாஷ் அட்டை, அதில் அவர்களே வெட்டிச் சுருக்கிய லினக்ஸ். சராசரியாக 7 வாட் இருந்தால் ஓடும்.

வைஃபை வீட்டுக்குள் ஓடச் செய்யப்பட்டது. ஒவ்வொரு பொட்டலம் அனுப்பியதும் 'வந்துடுச்சு' என்ற பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருக்கும். ஒரு கிலோமீட்டர் தாண்ட அலைக்கு மூணு மைக்ரோசெகண்டுக்குச் சற்று மேல் ஆகும். பல கிலோமீட்டர் என்றால், பதில் வருவதற்குள் காத்திருப்பு நேரம் முடிந்து, போய்ச் சேர்ந்த பொட்டலத்தையே மறுபடி அனுப்பும். இவர்கள் இரண்டு முனைக்கும் முறை வைத்துப் பேசச் சொன்னார்கள். பதிலையும் ஒவ்வொன்றாக இல்லாமல் மொத்தமாகச் சொல்ல வைத்தார்கள். லினக்ஸ் என்பதால்தான் இப்படி உள்ளே கைவைக்க முடிந்தது. 2007-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே வருஷம் வெனிசுலாவில் எர்மானோ பியட்ரோசெமோலி அமைத்த 382 கிலோமீட்டர் இணைப்பிலும் இந்த முறை ஓடியது.

கஷ்டமான கணக்கு முடிந்தது, இனி எல்லாம் சுகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்குப் பாடமானது 2008-இல் வந்த அடுத்த கட்டுரை. வெள்ளோட்டம் முடிந்த பிறகு இதை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதுதான் அதன் விஷயம். அதில் சொல்கிறார்கள்: வந்த பழுதுகளில் சுமார் 90 சதவீதம் மோசமான மின்சாரத்தால் வந்தவை. 230 வோல்ட் வர வேண்டிய லைனில் 70 வரை இறங்குகிறது, 350 வரை ஏறுகிறது. நொடிப்பொழுது எகிறல் 1000 வோல்ட்டைத் தாண்டியும் அளந்திருக்கிறார்கள்.

ஆனால் கெட்ட மின்சாரம் 'நான்தான்' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஃபிளாஷ் அட்டை கெட்டுப்போகும், பெட்டி பூட் ஆகாது, நெட்வொர்க் போர்ட் எரியும். பார்க்கிறவருக்கு அது மென்பொருள் கோளாறாகத் தெரியும், இல்லை ஆண்டெனா கோளாறாக, இல்லை அங்கே இருந்த ஆள் எதையோ தொட்டுவிட்டதாக. அதனால் அட்டையை எழுத முடியாத நிலையில் வைத்து ஓட்டினார்கள். மின்சாரத்தைக் காபந்து பண்ண சூரிய ஒளிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைக் குறைந்த செலவில் தாங்களே வடிவமைத்தார்கள். உள்ளூர்ப் பணியாளரே பழுதைக் கண்டுபிடிக்கும்படி கருவிகளை மாற்றுவதையும் வேலையின் பகுதியாக வைத்துக்கொண்டார்கள். மின்சாரத்துக்குச் செய்கிற செலவைக் கம்ப்யூட்டர் செலவாகவே எண்ண வேண்டும் என்பது அந்தக் கட்டுரையில் நான் கற்றது.

லாவோஸில் ஒரு சைக்கிள் பெடல்

இன்னும் காட்டுக்குள்ளே போன கதையும் உண்டு. லீ தார்ன் என்ற அமெரிக்கர் வியட்நாம் போரின்போது கடற்படையில் விமானங்களுக்குக் குண்டு ஏற்றும் வேலை பார்த்தவர். அந்தக் குண்டுகள் லாவோஸில் விழுந்தன. பிற்பாடு அந்த நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று ஜாய் அறக்கட்டளையைத் தொடங்கினார். பொன் காம் என்ற கிராமத்தில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அதற்கு லீ ஃபெல்சென்ஸ்டீன் ஒரு கம்ப்யூட்டர் வடிவமைத்தார். 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1-ஐ வடிவமைத்தவர் இவரேதான். அசையும் பாகம் எதுவும் கிடையாது, சுமார் 12 வாட், லாவோ மொழியில் லினக்ஸ், மலைமேல் ஒரு வைஃபை அஞ்சல் நிலையம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற மிதிக்கும் பெடல். 2003 பிப்ரவரியில் தொடக்க விழாவுக்கு உலகப் பத்திரிகைகள் வரை செய்தி போனது. தொழில்நுட்பக் கோளாறால் குறித்த நாளில் அது ஓடவில்லை.

ஆஸ்போர்ன் செய்த கைக்கே இந்தக் கதி என்றால் நம்ம எம்மாத்திரம்!

அட்டை சொன்ன சாட்சி

தை மாசம் மலை ஏறினேன். பெட்டியின்மேல் ஒரு துணி போர்த்தி, அதைச் சுற்றி ஒருத்தரும் போகாதபடி நாற்காலியைக் குறுக்கே போட்டிருந்தார் பெரியவர். பிள்ளைகள் திண்ணைக்கு வரவேயில்லை.

நினைவக அட்டையை மோகனூருக்குக் கொண்டுவந்து என் மடிக்கணினியில் செருகினேன். கோப்பு அமைப்பு உடைந்திருந்தது. ஒட்டுப்போட்டு எடுத்ததில் பதிவேடு பாதி கிடைத்தது. நின்றுபோன நாளுக்கு முந்தைய மூணு நாளும் வரிசையாக ஒரே எச்சரிக்கை: மின்னழுத்தம் குறைவு. பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அப்படிக் கத்தும். யாரும் வயரைப் பிடுங்கவில்லை.

அப்புறம் நான் முன்னாடியே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். பை இழுப்பது 2.5 வாட், ஒரு நாளைக்கு 60 வாட்-மணி. என் பேட்டரி 12 வோல்ட், 26 ஆம்பியர்-மணி, மொத்தம் 312. லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் எடுக்கக்கூடாது, ஆக 156. இரண்டரை நாள். கார்த்திகையில் கொல்லிமலையில் மேகம் இறங்கினால் மூணு நாள் வெயிலே தெரியாது என்பதைப் பெரியவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

அது மட்டுமில்லை. பேட்டரி ரொம்ப இறங்கினால் தானாகத் துண்டிக்கும் வசதி என் சார்ஜ் கண்ட்ரோலரிலேயே இருந்தது. ஒரு முழம் வயர் மிச்சம் பண்ண, நான் பையை நேராக பேட்டரி முனையில் கட்டியிருந்தேன். துண்டிக்க வேண்டியது துண்டிக்காமல், பை சாவதும் பிழைப்பதுமாக எழுதி எழுதி அட்டையைக் கெடுத்துக்கொண்டது.

அடுத்த வாரம் திரும்பப் போனேன். இப்போது வயர் கண்ட்ரோலர் வழியாகப் போகிறது. அட்டை எழுத முடியாத நிலையில் ஓடுகிறது, மழைக் கணக்கு மட்டும் தனி பென் டிரைவில். பேட்டரி பக்கத்தில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர். "12-க்குக் கீழ வந்தா நீங்களே இந்த சுவிட்சை அணைச்சிருங்க, வெயில் வந்தப்புறம் போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று பெரியவரிடம் சொன்னேன். அதற்கு முன்னாடி இன்னொன்றும் சொன்னேன்: "தப்பு உங்க மேல இல்லைங்க. நான் கட்டின வயர்லதான்."

"அப்படீங்களா" என்றார். பிறகு உள்ளே திரும்பிப் பேரனைக் கூப்பிட்டார். "டேய், போனை எடுத்துட்டு வா. பெட்டி ஓடுது."