மறைந்த வரிகள்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் ஒரு பகுதியினர், மன்னாரிலிருந்து படகுகளில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளத்திலிருந்து தொலைபேசி வழியே நான் வாசித்த செய்தியை ஆசிரியபீடத்தில் ஒருவர் எழுதிக்கொண்டார். அச்சில் வந்தது பாதி. எழுதிய தாள் குப்பைக்கூடைக்குப் போயிற்று. அன்று நான் அனுப்பிய மீதி வரிகள் எவை என்பதற்கு இன்று என்னிடம் சான்று ஏதுமில்லை.

இதையொத்த இழப்பைக் கணினித் துறையும் ஒருமுறை சந்தித்தது; அதற்கு மாற்றும் கண்டது.

நாம் தட்டச்சிடும் கட்டளையை வாங்கி, உரிய நிரலை இயக்கி, விடையைத் தரும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். 1960களில் மல்டிக்ஸ் திட்டத்தின்போது இப்பெயரைச் சூட்டியவர் பிரான்ஸ் நாட்டவரான லூயி பூசான். 1971இல் கென் தொம்சனின் ஷெல்லோடு யுனிக்ஸ் வெளிவந்த காலத்தில், கணினியோடு பேசும் கருவி பத்திரிகையாளர் நன்கறிந்த டெலிபிரிண்டரே. கட்டளையும் விடையும் காகிதச் சுருளில் அடுத்தடுத்து அச்சாயின. வேகம் குறைவு, இரைச்சல் அதிகம். ஆயினும் நேற்று நடந்தது சுருளில் இருந்தது.

பின்னர் கண்ணாடித் திரை வந்தது. 1978இல் வெளிவந்த விடி100 முனையம் 24 வரிகளைக் காட்டியது. அடுத்த வரி வந்ததும் முதல் வரி மேலேறி மறைந்தது.

மறைந்த வரிகளை மீட்டுத் தந்தது உரைத்தொகுப்பி. 1976இல் எம்.ஐ.ரி.யில் தோன்றிய ஈமாக்ஸை, ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு ஈமாக்ஸாகப் புதிதாக எழுதி 1985இல் வெளியிட்டார். அதன் சாளரத்தினுள்ளேயே ஷெல்லை இயக்கலாம். ஒரு வரியை எழுதி நுழைவு விசையை அழுத்தினால் அது ஷெல்லுக்குப் போகும். விடை அதே பக்கத்தில் எழுத்தாக வந்து சேரும். மேலே சென்று தேடலாம். பழைய கட்டளையைத் திருத்தி மீண்டும் அனுப்பலாம். முழு உரையாடலையும் கோப்பாகச் சேமிக்கலாம். திரை முழுவதையும் ஆளும் நிரல்கள் மட்டும் இதனுள் சரிவர இயங்கா. 1990களில் ரொப் பைக்கின் ஆக்மி உரைத்தொகுப்பியும் இவ்வழியில் நடந்தது. 2018இல் விம் 8.1 முழுமையான முனையத்தையே தன்னுள் ஏற்றது.

ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. காகிதச் சுருளில் அச்சானதைத் தடம் தெரியாமல் மாற்ற இயலாது. உரைத்தொகுப்பியின் பக்கத்தையோ எவரும் திருத்தலாம். ஆகவே அது நினைவுக்கு உதவும். சான்றாவதற்குச் சேமிப்பவரின் நேர்மையும் வேண்டும்.

இப்போதெல்லாம் நான் செய்த வேலையை நாளுக்கொரு கோப்பாகச் சேமித்து வைக்கிறேன். கற்பிட்டிக் கரையின் அந்த நாளுக்கு மட்டும் கோப்பு இல்லை.