ஷெரீப்பை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

2022 மே மாதக் கடைசியில் நான் கலிபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் ஊரில் மகள் வீட்டில் இருந்தேன். ஜூன் 7-ம் தேதி அங்கே தேர்தல். வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு, மகளும் மாப்பிள்ளையும் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூடவே வேட்பாளர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று. நம் ஊர் ரேஷன் கார்டைவிடச் சற்றே பெரிய சீட்டாக இருக்கும் என்று நினைத்தேன். அது கல்யாணச் சமையல் சாமான் லிஸ்ட் மாதிரி நீண்டுகொண்டே போனது.

அதில் இரண்டு பதவிகள் என் கண்ணில் பட்டன. ஒன்று அலமீடா கவுண்டியின் ஷெரீப். இன்னொன்று டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, அதாவது நம் ஊர்ப் பேச்சில் அரசு வழக்கறிஞர். இரண்டுக்கும் ஜனங்களே ஓட்டுப் போடுகிறார்கள்!

"நம்ம ஊர்ல ஷெரீப் யாருப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இப்ப யாரும் இல்லைம்மா. பதவியே போயாச்சு."

"இருந்தப்போ யார் ஓட்டுப் போட்டாங்க?"

"யாரும் போடலை" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஷெரீப் என்பது பழைய ஆங்கிலேய வார்த்தை. ஷயர் என்றால் ஜில்லா, ரீவ் என்றால் ஏறக்குறைய நம் மணியக்காரர். ஆக, ஜில்லா மணியக்காரர். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அந்தப் பதவியைக் கையோடு கொண்டுபோனார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதையே சென்னைப்பட்டணத்துக்குக் கொண்டுவந்தது. 1726-ல் முதலாம் ஜார்ஜ் மன்னர் தந்த சாசனத்தின்படி சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றிலும் மேயர் நீதிமன்றங்கள் ஏற்பட்டன. சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்க, ஆளைப் பிடித்துவர, சொத்தை ஜப்தி செய்ய ஒருவர் வேண்டுமே! அவர்தான் ஷெரீப். வருஷத்துக்கு ஒருவர். அவரைத் தேர்ந்தெடுத்தது கவர்னரும் அவருடைய கவுன்சிலும். ஜார்ஜ் டவுனில் உப்பு விற்றவருக்கும் துணி நெய்தவருக்கும் அதில் ஒரு பேச்சும் கிடையாது.

மேயர் நீதிமன்றம் போய் 1801-ல் சுப்ரீம் கோர்ட் வந்தது. அது போய் 1862-ல் ஹைகோர்ட் வந்தது. ஷெரீப் மட்டும் தொடர்ந்தார். ஜூரிகளைக் கூட்டுவதும் வெகுகாலம் ஷெரீப் வேலையாகவே இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரையும் கலைவாணரையும் குற்றவாளிகள் என்று சொன்னவர்கள் ஜூரிகள் என்பதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜனங்களிலிருந்து ஒன்பது பேர் நீதிமன்றத்துக்குள் போய் உட்கார்ந்த காலம் அது. அந்த ஏற்பாடும் பிற்பாடு ஒழிந்தது.

காலம் போகப் போக ஷெரீப்பின் அதிகாரமெல்லாம் கரைந்து, மரியாதை மட்டும் மிஞ்சியது. ஊரார் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் பொதுக்கூட்டம் கூட்டுவார். பெரிய மனிதர்கள் விமானத்தில் வந்து இறங்கினால் மாலையோடு நிற்பார். ஜப்தி செய்வது அமீனாக்கள் பாடு. சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே சத்திரம் கட்டிய ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் ஷெரீப்பாக இருந்திருக்கிறார். சமூக சேவகி மேரி கிளப்வாலா ஜாதவ் 1956-ல் இருந்தார். 1986-ல் ஏவி.எம். சரவணன். நல்லவர்கள், பெயர் பெற்றவர்கள். ஆனால் அரசாங்கம் நியமித்தவர்கள். கடந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். ஊரில் யாரும் அழுததாக எனக்கு நினைவில்லை. நாம் கொடுக்காத பதவி போனால் நமக்கு எப்படி வலிக்கும்?

ஷெரீப் போனால் போகட்டும். அரசு வழக்கறிஞர் விஷயம் அப்படியில்லை. ஒருவர் மீது வழக்கை நடத்துவதும், சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதும், போதும் என்று வழக்கை வாபஸ் வாங்க மனுப் போடுவதும் அவர் கையில் இருக்கிறது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தாலே ஒரு வழக்கு செத்துப்போகும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் ஒருவர் அரசு வழக்கறிஞரைப் பற்றிச் சொன்னது இன்னும் மறக்கவில்லை. பிரான்சில் அவருக்கு 'ப்ரொக்யூரர்' என்று பெயர். நீதிபதி உட்கார்ந்த நீதிமான், ப்ரொக்யூரர் நின்ற நீதிமான் என்பார்கள். இவர் எழுந்து நின்று பேசுகிறவர் அல்லவா! மேலதிகாரி உத்தரவு போட்டால் எழுத்தில் அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். ஆனால் நீதிமன்றத்தில் எழுந்து நின்றுவிட்டால் மனசாட்சிப்படி பேசலாம். பேனா அடிமை, நாக்கு சுதந்திரம் என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து மேலே இருந்து வந்த குறிப்புகளுக்குச் சுத்தப்பிரதி எழுதியவன் நான். அந்த வாசகத்தின் முதல் பாதி எனக்கு நன்றாகவே புரியும்.

பிரான்சிலும் ஒரு காலத்தில் இந்தப் பதவிக்குத் தேர்தல் வைத்துப் பார்த்தார்கள். புரட்சிக்குப் பிறகு நீதிபதிகளையும் குற்றம் சாட்டும் வழக்கறிஞரையும் தேர்ந்தெடுக்கச் சட்டம் வந்தது. 1791-ல் பாரிசுக்கு அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார் தெரியுமா? ரோபெஸ்பியர்! பதவியேற்ற சில வாரங்களிலேயே, 1792 ஏப்ரலில், ராஜினாமா செய்துவிட்டார். பிறகு வந்த புரட்சி நீதிமன்றத்தில் அரசியல்வாதிகளே வழக்கறிஞரை வைத்தார்கள். ஃபூக்கியே தான்வில் என்பவர். கூட்டங்கூட்டமாக ஆட்களைக் கில்லட்டினுக்கு அனுப்பிய அவரையே 1795-ல் அதே கத்திக்குக் கொடுத்தார்கள். நெப்போலியன் வந்ததும் தேர்தல் முடிந்தது. ப்ரொக்யூரர் மறுபடியும் அரசாங்கத்தின் ஆள் ஆனார்.

நம் சென்னையில் எப்போதும் நியமனந்தான். ஆனால் நியமனம் பெற்றவர்கள் எல்லாரும் தலையாட்டிகள் என்று சொல்லிவிட முடியாது. சேப்பாக்கத்தில் வேலை பார்த்த நாட்களில் செனட் ஹவுஸ் வளாகத்தில் ஒரு சிலையைப் பார்த்துக்கொண்டே போவேன். சர் எஸ். சுப்பிரமணிய ஐயர். மயிலாப்பூர் பெரியவர்கள் வாயில் மணி ஐயர். மதுரையிலிருந்து வந்தவர். 1888-ல் சென்னையில் அரசு வழக்கறிஞர் பதவி பெற்ற முதல் இந்தியர். பிறகு ஹைகோர்ட் நீதிபதி. வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்கள் எல்லாம் இருந்தன. ஓய்வு பெற்ற பிறகு அடையாறில் அன்னி பெசன்ட் அம்மையார் ஹோம் ரூல் இயக்கம் தொடங்கியபோது கௌரவத் தலைவராக வந்து நின்றார். 1917-ல் அம்மையாரைச் சிறை வைத்ததும், அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கே கடிதம் எழுதி இந்தியாவின் நிலைமையைச் சொன்னார். லண்டனில் கண்டித்துப் பேசினார்கள். மனிதர் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். சர்க்கார் வக்கீலாக இருந்தவர் சர்க்காருக்கே எதிராக எழுந்து நின்றார். ஆனால் ஒரு மணி ஐயரை நம்பிச் சட்டம் எழுத முடியுமா?

1973-ம் வருஷத்து குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒரு வழி சொன்னது. ஜில்லா மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். குறைந்தது 7 வருஷம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலிலிருந்து அரசாங்கம் நியமிக்கும். ஏட்டில் இது நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பில், ஆட்சி மாறினால் வழக்கறிஞர்களும் மாறுவார்கள் என்பது ஹைகோர்ட் வாசலில் டீ விற்பவருக்கும் தெரியும். உத்தரப் பிரதேசத்தில் 1990-ல் ஒரே சுற்றறிக்கையில் எல்லா ஜில்லா அரசு வழக்கறிஞர்களையும் ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். இது தன்னிச்சையான செயல் என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016-ல் பஞ்சாப் வழக்கு ஒன்றிலும், அரசு வக்கீல் பதவி கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கும் பரிசு அல்ல என்ற கருத்தைச் சொன்னது.

நம் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகச் சொல்லவில்லை, தீர்ப்பில் உள்ளதைத்தான் சொல்கிறேன். ஜெயலலிதா அம்மையார் மீதான சொத்துக் குவிப்பு வழக்கு சென்னையில் தனி நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 2001-ல் அவர் கட்சியே ஆட்சிக்கு வந்தது. அதாவது, குற்றம் சாட்டப்பட்டவரின் அரசாங்கமே குற்றம் சாட்டும் வழக்கறிஞரை நியமிக்கிறது! ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேரை மறுபடி அழைத்தார்கள். அதில் 64 பேர் பிறழ்ந்தார்கள். அரசு வழக்கறிஞர் எழுந்து, "முன்பு ஒன்று சொன்னாய், இப்போது ஒன்று சொல்கிறாயே" என்று மடக்கியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. பேராசிரியர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2003 நவம்பர் 18-ல் வழக்கே பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அரசு வழக்கறிஞர் நடந்துகொண்ட விதத்தை நீதிபதிகள் அந்தத் தீர்ப்பில் கடுமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதோடும் முடியவில்லை. மேல்முறையீட்டில் யார் அரசு வழக்கறிஞராக நிற்பது என்று மறுபடி சண்டை. தமிழக அரசுக்கு அவரை நியமிக்க அதிகாரம் இல்லை என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-ல் தொடங்கிய விவகாரம் 2017 பிப்ரவரியில்தான் முடிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் இழுத்த கதையில் ஒரு பெரிய பங்கு, 'வழக்கறிஞரை யார் தேர்ந்தெடுப்பது?' என்ற ஒரே கேள்விக்கு.

பெரியவர்கள் வழக்கை விடுங்கள். ஒரு சாலை விபத்தில் என் மைத்துனர் கால் போனது. பார்த்த சாட்சி நான். எந்த நீதிமன்றம் என்பது இங்கே வேண்டாம். ஒன்பது முறை போனேன், ஒன்பது முறையும் வாய்தா. இடையில் அரசு வழக்கறிஞர்கள் மூன்று பேர் மாறினார்கள். முதல் இருவருக்கும் என் பெயர்கூடத் தெரியாது. மூன்றாவதாக வந்தவர் ஓர் இளம் பெண். என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய், போலீசில் நான் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, "இது நீங்க பார்த்ததுதானா சார்? பார்க்காதது ஏதாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அன்று கூண்டில் ஏறி எனக்கு நடுங்காமல் பேச முடிந்தது. முற்போக்கு என்று புத்தகத்தில் ஏதேதோ போட்டிருப்பார்கள். என் அகராதியில் அதற்கு அர்த்தம் அந்தக் கேள்விதான்.

அலமீடாவில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஷெரீப் தேர்தலில், பதவியில் இருந்தவரைத் தோற்கடித்து யெசேனியா சான்செஸ் என்ற பெண்மணி ஜெயித்தார். சிறைக்குள் கைதிகள் இறப்பதைப் பற்றி அங்கே பெரிய பேச்சாக இருந்த சமயம். அட்டர்னி பதவிக்கு நவம்பரில் இரண்டாம் சுற்று நடந்து, முற்போக்கு என்று சொல்லப்பட்ட பமேலா பிரைஸ் ஜெயித்தார். இரண்டே வருஷம். திருட்டும் கொள்ளையும் பெருகிவிட்டது என்று ஜனங்கள் கோபப்பட்டு, 2024 நவம்பரில் ஓட்டுப் போட்டே அவரைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். என் மகள் வீட்டிலேயே இரண்டு ஓட்டு. மாப்பிள்ளை அவர் போகவேண்டும் என்றார், மகள் இருக்கவேண்டும் என்றாள். "போட்டவங்களே எடுத்துட்டாங்கப்பா" என்று தொலைபேசியில் சொன்னாள். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் முறையிடவில்லை.

நமக்கும் அந்தத் தேர்தல் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஜாதியும் பணமும் புகுந்து விளையாடும் நம் தேர்தல்களில் குற்றம் சாட்டும் அதிகாரத்தையும் ஏலத்துக்கு விட எனக்குப் பயமாக இருக்கிறது. பத்திரிகைக் கூச்சலுக்குப் பயந்து எல்லாரையும் உள்ளே தள்ளுகிற வழக்கறிஞரும் ஆபத்துதான். ஏற்கெனவே நம் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு, தீர்ப்பு ஆகாத விசாரணைக் கைதிகள்.

ஆனால் ஒன்று. நாமும் அரசு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், சீட்டில் பெயர் இல்லாமல். எம்.எல்.ஏ.வுக்குப் போடும் ஓட்டு, ஆட்சிக்குப் போடும் ஓட்டு. அந்த ஆட்சிதான் அவரை நியமிக்கிறது. 2022 மாநகராட்சித் தேர்தலில் நம் சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று படித்தவர்கள் பேட்டைகளில் இருக்கும் நாம் இதை நினைத்து வெட்கப்பட வேண்டாமா?

சட்டமன்றத் தேர்தல் ஒன்றின்போது எங்கள் தெருவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். சாக்கடை, தண்ணீர், கொசு எல்லாம் மற்றவர்கள் கேட்டார்கள். "உங்க ஆட்சி வந்தா அரசு வழக்கறிஞர்களை எப்படி நியமிப்பீங்க? பட்டியலை வெளியிடுவீங்களா?" என்று நான் கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கூட வந்தவர்களில் ஒரு பையன் மட்டும் திரும்பி வந்து, "தாத்தா, அதை யாரும் கேட்கிறதே இல்லையே" என்றான்.

அடுத்த முறை உங்கள் தெருவுக்கு வருவார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.