அட்டைகளுக்கு ஒரு காவல்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கதாபாத்திரத்தின் பெயர், ஊர், பழைய குற்றம், கன்னத்து மச்சம் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடலாம். போலீஸார் எழுதி வைக்கும் குறிப்பு அப்படியல்ல. அதில் ஒரு வரி பிசகினால், உயிருள்ள மனிதன் ஒருவன் விமான நிலையத்திலிருந்து நேரே லாக்கப்புக்குப் போகவேண்டியதுதான். அந்த வரியை அழிக்கச் சொல்லி அவன் யாரிடம் போய் முறையிடுவது? இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

'இன்டர்போல்' என்று இன்று பெயர் பெற்றிருக்கும் சர்வதேசப் போலீஸ் ஸ்தாபனம் 1923-இல் வியன்னா நகரத்தில் உருவாயிற்று. அந்த நகரத்துப் போலீஸ் தலைவர் யோஹான் ஷோபர் முன்னின்று நடத்தினார். கள்ள நோட்டுக்காரர்களும் மோசடிப் பேர்வழிகளும் எல்லை தாண்டி ஓடிவிட, துரத்தி வந்த போலீஸ்காரர் எல்லைக் கம்பத்தருகே பரிதாபமாக நின்றுகொண்டிருந்த காலம் அது. பல நாட்டுக் குற்றவாளிகளின் விவரங்களை அட்டைகளில் எழுதி ஒரே இடத்தில் சேர்த்தார்கள். நல்ல யோசனைதான், யார் குறை சொல்ல முடியும்?

1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். ஸ்தாபனமும் அட்டைகளும் சேர்ந்தே நாஜிகள் கைக்குப் போயின. 1940-இல் அதன் தலைவரானவர் ரைன்ஹார்ட் ஹெய்ட்ரிக். யூதர்களைப் பூண்டோடு அழிக்கும் ஏற்பாட்டைப் பேச 1942 ஜனவரியில் கூடிய வான்ஸே கூட்டத்துக்குத் தலைமை வகித்த அதே மனிதர்! தலைமைக் காரியாலயமும் பெர்லினுக்கு இடம் மாறிற்று. திருடனைப் பிடிக்க எழுதிய அட்டைக்குத் தன்னை யார் புரட்டுகிறார்கள் என்று தெரியாது. இந்தச் சரித்திரத்தில் என்னைத் திகைக்க வைப்பது இந்த இடந்தான்.

யுத்தம் முடிந்து 1946-இல் பிரஸ்ஸல்ஸில் ஸ்தாபனத்துக்கு மறு உயிர் கொடுத்தார்கள். காரியாலயம் பாரிஸுக்கு வந்தது. தொல்லை மட்டும் விடவில்லை. 1950-இல் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து விமானங்களைத் திருப்பிக்கொண்டு மேற்கு ஜெர்மனிக்குத் தப்பி ஓடிய சிலரை, குற்றவாளிகள் என்று சொல்லி இன்டர்போல் மூலமாகவே தேடியது அவர்களுடைய சர்க்கார். அமெரிக்காவின் எட்கர் ஹூவருக்குக் கோபம் வந்துவிட்டது, எஃப்.பி.ஐ.யை அந்த வருஷமே விலக்கிக்கொண்டார். 1956-இல் எழுதிய சாசனத்தின் மூன்றாம் விதி, அரசியல், ராணுவம், மதம், இனம் சம்பந்தப்பட்ட காரியங்களில் ஸ்தாபனம் தலையிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிற்று. சரி, விதியை மீறுகிறார்களா என்று யார் பார்ப்பது? போலீஸே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அன்றைய பதில்.

வேறு பதில் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1974-இல் பிரெஞ்சு சர்க்கார், பிரஜைகளைப் பற்றிய பல இலாகாக் குறிப்புகளை ஒரே எண்ணால் கம்ப்யூட்டரில் கோக்கத் திட்டம் போட்டது. அதற்கு வைத்த பெயர் 'ஸஃபாரி'. 'லெ மோந்த்' பத்திரிகை, இது பிரெஞ்சுக்காரர்களை வேட்டையாடுவது என்று எழுதிவிட்டது. வேட்டைப் பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டு பிறகு வருந்தி என்ன பிரயோஜனம்? அமளியின் பலனாக 1978 ஜனவரியில் ஒரு சட்டம் பிறந்தது. அதை அமல் நடத்தச் சுதந்திரமான ஒரு கமிஷனும் வந்தது.

இன்டர்போல் இருந்ததோ பிரெஞ்சு மண்ணில். அட்டைகளைப் பார்க்க வேண்டும் என்றது கமிஷன். விவரங்கள் எங்களுடையவை அல்ல, அனுப்பிய நாடுகளுடையவை. வெளியார் பார்த்தால் நாளைக்கு யாரும் எதுவும் அனுப்பமாட்டார்கள் என்றது இன்டர்போல். இரண்டிலும் நியாயம் இருந்தது. கடைசியில் 1982 நவம்பரில் ஓர் உடன்படிக்கை: பிரெஞ்சுக் கமிஷன் உள்ளே வராது, பதிலாக, இன்டர்போலிலேயே தனியாக ஒரு கண்காணிப்புக் கமிஷன். ஐந்து பேர். ஒருவரை பிரான்ஸ் நியமிக்கும், ஒருவரை இன்டர்போல் நியமிக்கும், இருவரும் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு கம்ப்யூட்டர் நிபுணர். ஐந்தாமவர் இன்டர்போல் நிர்வாகக் குழுவைச் சேர்ந்தவர். 1986-இல் முதன்முதலாகக் கூடினார்கள்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் பாதித் திருப்திதான். கணக்கு எழுதும் வீட்டுக்காரரே தணிக்கைக்காரரோடு உட்கார்ந்திருக்கிறாரே! ஆனாலும் நாடுகளுக்கிடையிலான போலீஸ் காரியத்தில், தனி மனிதன் ஒருவன் விண்ணப்பம் போட ஒரு வாசல் திறந்ததே, அது சின்ன விஷயமல்ல. பிறகு அந்த வாசல் அகலமாயிற்று. 2016-இல் பாலித் தீவில் கூடிய மகாசபை புதிய விதிகளை ஏற்றது. 2017 மார்ச்சில் அவை அமலுக்கு வந்தன. கமிஷன் இரண்டு பிரிவாயிற்று: ஒன்று கண்காணிக்க, மற்றொன்று விண்ணப்பங்களை விசாரிக்க. அழிக்கச் சொன்னால் இன்டர்போல் அழித்தாக வேண்டும். பார்க்கக் கேட்டால் நாலு மாதம், அழிக்கக் கேட்டால் ஒன்பது மாதம் என்று கெடுவும் வைத்தார்கள்.

ஒன்பது மாதம் நீண்ட காலம். அதே 2017 ஆகஸ்டில் டோகான் அகான்லி என்ற நாவலாசிரியர் ஸ்பெயினில் உல்லாசப் பயணம் செய்துகொண்டிருந்தார். துருக்கியில் பிறந்தவர், அங்கே சிறையிருந்து, பிறகு ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்து, ஜெர்மன் பிரஜையானவர். ஆர்மீனியர் படுகொலையைப் பற்றி எழுதியவர். 1989-இல் நடந்த ஒரு கொள்ளை வழக்கில் அவரைச் சேர்த்திருந்தது துருக்கி. 2011-இல் விடுதலை செய்து, பின்னர் அந்தத் தீர்ப்பையும் ரத்து செய்திருந்தது. இன்டர்போல் மூலம் துருக்கி தேடுகிறது என்று கிரனாடா நகரில் ஸ்பானியப் போலீஸார் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் விட்டார்கள், ஆனால் மாட்ரிட்டை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. ஜெர்மன் பிரதமர் மெர்க்கெல் பகிரங்கமாகக் கண்டித்தார். அக்டோபரில்தான், துருக்கியிடம் ஒப்படைப்பதில்லை என்று ஸ்பெயின் முடிவு செய்து அவரை வீட்டுக்கு அனுப்பிற்று. அடுத்த வருஷம் அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் 'கிரனாடாவில் கைது'.