பாடாத பாடலாசிரியர்

பீட்டர் சின்ஃபீல்டை நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் அவரை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடுகிறார்கள். 1970களின் பிற்பகுதி வரை கிங் கிரிம்சன், எமர்சன் லேக் அண்ட் பாமர் குழுக்களுக்குப் படிமங்கள் செறிந்த வரிகள் எழுதியவர் ஒருவர். 1980களில் பக்ஸ் ஃபிஸ் போன்ற பாப் குழுக்களுக்கு எழுதிச் சம்பாதித்தவர் இன்னொருவர். முதலாமவர் கலைஞர், அடுத்தவர் விலைபோனவர் என்பது தீர்ப்பு. இது சின்ஃபீல்டுக்கு மட்டுமல்ல, பாடலாசிரியர் தொழிலின் வரலாற்றுக்கே அநீதி என்பேன். பாடுபவர் வேறு, சொல் தருபவர் வேறு என்ற ஏற்பாட்டில்தான் லண்டன் டென்மார்க் தெருவின் பாட்டு வணிகம் நீண்ட காலம் நடந்தது. பாப் டிலனும் பீட்டில்ஸும் வந்தபின், தன் பாட்டைத் தானே எழுதுபவனே உண்மையான கலைஞன் என்ற எண்ணம் 1960களில் வேரூன்றியது. ஆனால் ராக் இசை தன்னை உயர்கலையாக உயர்த்திக்கொள்ள முயன்ற அதே ஆண்டுகளில், பழைய வேலைப் பிரிவினை அதற்குள் திரும்பி வந்தது. புரோகோல் ஹாரமுக்குக் கீத் ரீட், கிரீமுக்குப் பீட் பிரவுன், ரெனசான்ஸுக்கு பெட்டி தாட்சர். அந்த வரிசையில் வந்தவர்தான் சின்ஃபீல்ட்.

1943இல் லண்டனில் பிறந்தவர். கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இசைக்கலைஞர் இயன் மெக்டொனால்டின் கூட்டாளியாக, கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பின் வட்டத்துக்குள் வந்தார். கிங் கிரிம்சன் என்ற பெயரே அவர் வைத்தது. மேடையில் அவர் பாடவில்லை; ஒளியமைப்பைக் கவனித்தார், பிறகு வி.சி.எஸ். 3 சின்தசைசரால் ஒலியை உருமாற்றினார். முதல் ஆல்பமான ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ 1969 அக்டோபரில் வந்தது. கதறும் முகம் கொண்ட அதன் அட்டை ஓவியத்தை வரைந்த பாரி காட்பர் அவருடைய நண்பர். இதையும் சேர்த்து அடுத்தடுத்த நான்கு ஆல்பங்களில் கிரெக் லேக், கார்டன் ஹாஸ்கெல், பாஸ் பர்ரெல் என்று முதன்மைப் பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இசைக்கலைஞர்களும் மாறினார்கள். கடைசி வரை நிலைத்தவர்கள் ஃபிரிப்பும் சின்ஃபீல்டும் மட்டுமே. தன் குரலில் ஒலிக்காத சொற்களால் ஒரு குழுவின் அடையாளத்தை ஒருவரால் தாங்க முடியும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கிரிம்சனில் அவர் சுதந்திரமாக எழுதினார், பின்னாளில் கேட்டதை எழுதிக் கொடுத்தார், இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே பல சமயம் அவருடைய சொல் முதலில் பிறந்து, இசை பின்னால் வந்தது. ஆனால் 1971இன் இறுதியில் ஃபிரிப்புடன் பிரிந்ததுமே அந்த வசதி போய்விட்டது; பாப் சந்தைக்கு அவர் போக இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. பி.எஃப்.எம். என்ற இத்தாலியக் குழு ஏற்கெனவே இத்தாலிய மொழியில் பாடிப் பதிவுசெய்திருந்த மெட்டுகளுக்கு, 1973இன் ‘ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்’ ஆல்பத்தில் மொழிபெயர்ப்பாக அல்லாமல் புதிய ஆங்கில வரிகளைப் பொருத்தினார். லேக் கிட்டாரில் போட்ட மெட்டுக்கு அவர் எழுதிய ‘ஐ பிலீவ் இன் ஃபாதர் கிறிஸ்துமஸ்’ 1975இல் பிரிட்டிஷ் தரவரிசையில் இரண்டாம் இடம் பிடித்தது. ‘போஹீமியன் ராப்சடி’ மட்டுமே அதற்கு மேலே இருந்தது. இதற்கிடையே 1973இல் ‘ஸ்டில்’ என்ற தனி ஆல்பத்தில் தானே பாடியும் பார்த்தார். லேக், மெல் காலின்ஸ், ஜான் வெட்டன் எனத் தேர்ந்த கலைஞர்கள் துணைநின்றும் அது பெரிதாக எடுபடவில்லை. மென்மையான, தயங்கும் குரல் அவருடையது. அந்த ஆல்பத்தின் அழகை நான் மதிக்கிறேன். ஆனாலும் இன்னொருவர் தொண்டையில்தான் அவர் எழுத்து முழு உயரத்தை எட்டியது.

பிற்காலப் பாடல்கள் எளிமையானவை, ஆகவே தரம் தாழ்ந்தவை என்பது அடுத்த குற்றச்சாட்டு. எளிமை அவருக்குப் புதிதல்ல. முதல் ஆல்பத்திலேயே ‘ஐ டாக் டு த விண்ட்’ சின்னச் சின்னச் சொற்களால் ஆனது. அரசியலையும் அவர் கைவிடவில்லை. வியட்நாம் போரின் கொடூரம் ‘21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்டு மேன்’ பாடலில் வெளிப்படையாக வெடித்தது. 1982 ஜனவரியில் பக்ஸ் ஃபிஸ் முதலிடத்துக்குக் கொண்டுசென்ற ‘த லேண்ட் ஆஃப் மேக் பிலீவ்’ குழந்தைகள் துள்ளிப் பாடும் பாட்டுப்போலத்தான் ஒலிக்கிறது. அது மார்கரெட் தாட்சரின் ஆட்சியைத் தாக்கி எழுதப்பட்டது என்று சின்ஃபீல்டே பிறகு சொன்னார். கேட்டவர்களில் பலருக்கு அது எட்டியிருக்காது என்பது உண்மை. ஆனால் கிரிம்சனின் படிமக் காட்டில் எத்தனை பேர் பொருளைக் கண்டுபிடித்தார்கள்? இரண்டு இடத்திலும் அவர் பொருளைக் கொஞ்சம் மறைத்தே வைத்தார். மறைத்த விதம் மட்டும் வேறு.

இசையமைப்பாளர் ஆண்டி ஹில்லோடு சேர்ந்து அவர் எழுதிய ‘திங்க் ட்வைஸ்’ இந்தத் தொழிலின் உச்சம் என்பது என் கணிப்பு. செலின் டியோன் பாடிய அந்தப் பாட்டு 1995இல் பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. உறவு முறியப்போகும் தருணத்தில் ஒரு பெண் கெஞ்சுவதும் எச்சரிப்பதும்தான் அதன் பொருள். தாழ்ந்த குரலில் தொடங்கி, பாடகி முழு மூச்சையும் இழுத்து உயரும் இடம்வரை வரிகள் அந்த ஏற்றத்துக்கு வழிவிட்டு நகர்கின்றன. எந்தச் சொல்லும் தன்னைக் காட்டிக்கொள்ள நடுவில் நிற்பதில்லை. 1969இல் லேக்கின் கம்பீரக் குரலுக்கு நீளமான, கனமான சொற்கள் தேவைப்பட்டன, எழுதிக் கொடுத்தார். டியோனுக்கு வேறு சொற்கள் தேவைப்பட்டன. அவற்றையும் அதே கவனத்தோடு எழுதிக் கொடுத்தார்.