லேசர் முடி நீக்கம்: விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை

மேலுதட்டிலும் நாடியிலும் வளரும் முடிக்கு 'நிரந்தரத் தீர்வு' என்ற விளம்பரங்கள் சமூக ஊடகங்களில் அடிக்கடி வருகின்றன. இது பற்றி என்னிடம் விசாரிக்கும் பெண்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது செலவைத்தான். அதைவிட முக்கியமானது, எங்கள் தோலுக்கு எந்த லேசர் பொருந்தும் என்பது.

எங்கள் நிறத்துக்கு எது?

முடியிலுள்ள மெலனின் என்ற நிறப்பொருள் லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு முடியின் வேரைச் சேதப்படுத்துகிறது. அதே மெலனின் எங்கள் தோலிலும் நிறைய உண்டு. பொருந்தாத கருவியையோ கூடிய சக்தியையோ பயன்படுத்தினால் தோல் வெந்து கொப்புளிக்கும். கருந்திட்டோ வெண்திட்டோ மாதக்கணக்கில், சிலவேளை நிரந்தரமாகவே நிற்கும்.

கருமையான தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது 1064 நானோமீற்றர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர். 755 நானோமீற்றர் அலெக்சாண்ட்ரைட் வெளிர் தோலுக்கே பொருத்தமானது. 'ஐபிஎல்' லேசரே அல்ல. கருமையான தோலில் அதனால் சுடுகாயம் ஏற்படும் ஆபத்து அதிகம்.

பழைய காயங்கள்

எங்களில் பலரது உடலில் ஷெல் காயத் தழும்புகளும் எரிகாயத் தழும்புகளும் உள்ளன. நரம்பு பாதிக்கப்பட்ட இடத்தில் உணர்ச்சி குறைவு. லேசரின்போது வலிதான் எச்சரிக்கை. அது தெரியாத இடத்தில் தோல் எரிவதும் உடனே தெரியாது. தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்குப் புதிய சுடுகாயமும் அப்படியே ஆறலாம்.

காயம் எப்படி வந்தது என்ற கதையை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எந்த இடம், உணர்ச்சி உண்டா, உள்ளே துண்டு இருக்கிறதா என்பதைச் சொன்னால் போதும்.

முடி ஏன் வளர்கிறது?

மாதவிடாய் ஒழுங்கின்றி வருவதோடு முகத்தில் முடியும் கூடினால் சூலக நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். ஸ்டீரொயிட் கலந்த வெள்ளையாக்கும் கிறீமும் முடியை வளர்க்கும். காரணத்தைக் கவனிக்காவிட்டால் லேசருக்குப் பின்னும் முடி வரும். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இதை இலவசமாகக் காட்டலாம்.

போகுமுன் கேளுங்கள்

• கருவியை இயக்குபவர் யார்? பொறுப்பான வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா?

• 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி நிலையம் தனியார் மருத்துவ நிறுவனமாகப் பதிவாகியுள்ளதா?

• சிறிய இடத்தில் முதலில் பரிசோதித்து, சில நாள் பொறுத்துப் பார்ப்பார்களா?

• கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தருவார்களா?

• மரப்புக் கிறீம் பூசுவார்களா? உடலில் பரவலாகப் பூசிச் சுற்றிக் கட்டுவது உயிராபத்து. அமெரிக்காவில் லேசருக்கு முன் அப்படிச் செய்த இரு இளம்பெண்கள் இறந்தனர். 2007இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

நான்கு வாரங்களுக்கு முன்பே த்ரெட்டிங், வாக்சிங் இரண்டையும் நிறுத்துங்கள், சவரம் செய்யலாம். கர்ப்பிணிகள் தள்ளிப்போடுவது நல்லது. பாவிக்கும் மருந்து, கிறீம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

பல தடவை செய்தாலும் முடி குறையுமே தவிர முற்றாக ஒழியாது. நரைமுடிக்கு லேசர் பலன் தராது. கொப்புளம் வந்தால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள்; ஐஸோ பற்பசையோ வேண்டாம். படம் எடுத்து, பற்றுச்சீட்டையும் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். வெட்கப்பட்டு வீட்டிலிருந்தால் தழும்புதான் மிஞ்சும்.