பொது நிலமும் தனியார் சங்கமும்: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் வருகையாளர் கல்வியின் வரலாறு (1920–2003)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் வருகையாளர்க்கான நூல்கள், கையேடுகள், காட்சிக்கூடங்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி, ‘ஒத்துழைப்புச் சங்கங்கள்’ எனப்படும் இலாப நோக்கற்ற அமைப்புகளின் துணையால் உருவானது. யோசெமிட்டியில் 1923இல் தோன்றிய இவ்வமைப்புமுறை 1946இல் சட்ட ஏற்புப் பெற்றது. அரசின் நிதி நடைமுறை விட்டுவைத்த இடைவெளியே இச்சங்கங்களைப் பிறப்பித்தது என்பதையும், அதனால் பொது நிலத்தில் பேசும் குரல் யாருடையது என்னும் வினா எழுந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தேசியப் பூங்கா, ஒத்துழைப்புச் சங்கம், வருகையாளர் கல்வி, யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன்.

முன்னுரை

தேசியப் பூங்காச் சேவை 1916இல் நிறுவப்பட்டபோது, நிலத்தைக் காப்பதும் மக்கள் அதனைத் துய்க்க வழிசெய்வதும் அதன் இரட்டைக் கடமைகளாயின. கல்வி என்னும் பணி அச்சட்டத்தில் தனியே வரையறுக்கப்படவில்லை. பூங்காவைக் காண வருவோர்க்கு அதன் பாறையையும் மரத்தையும் மாந்தரையும் எடுத்துரைக்கும் பொறுப்பு நடைமுறைத் தேவையால் பின்னர் வளர்ந்ததாகும். அவ்வளர்ச்சியில் அரசுக்கு வெளியே இருந்த சங்கங்களின் பங்கினை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

யோசெமிட்டியில் தோற்றம்

விலங்கியலறிஞர் ஹெரால்டு பிரையன்ட்டும் பேராசிரியர் லாய் மில்லரும் தாஹோ ஏரிப் பகுதியில் நடத்திய இயற்கை விளக்க உரைகள் சேவையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மாதரின் கவனத்தை ஈர்த்தன. அவரது அழைப்பின்பேரில் 1920ஆம் ஆண்டுக் கோடையில் இருவரும் யோசெமிட்டியில் வழிகாட்டு நடைகளைத் தொடங்கினர். பூங்கா இயற்கையாளர் ஆன்செல் ஹால், ஓவியர் ஒருவர் விட்டுச்சென்ற பணிக்கூடத்தில் சிறு காட்சியகம் ஒன்றை அமைத்தார். 1922 முதல் ‘யோசெமிட்டி நேச்சர் நோட்ஸ்’ என்னும் இதழும் வெளிவரலாயிற்று.

நிலையான காட்சியகக் கட்டடம் எழுப்புவதற்கான நிதியைத் திரட்ட 1923இல் யோசெமிட்டி மியூசியம் அசோசியேஷன் அமைக்கப்பட்டது. அமெரிக்க அருங்காட்சியகங்களின் சங்கம் வழியாக லாரா ஸ்பெல்மன் ராக்ஃபெல்லர் நினைவு நிதியம் 70,000 டாலருக்கு மேல் வழங்கியது. கட்டடம் 1926இல் திறக்கப்பட்டது. இதற்கிடையே 1925இல் சங்கம் யோசெமிட்டி நேச்சுரல் ஹிஸ்டரி அசோசியேஷன் என மாற்றமுற்றது. பெயர் மாற்றம் நோக்க மாற்றத்தையும் காட்டுகிறது. கட்டடத்துக்கு நிதி திரட்டுதல் என்னும் ஒற்றைக் குறிக்கோளிலிருந்து, வெளியீடும் விற்பனையும் கொண்ட நிலையான நிறுவனமாகச் சங்கம் வளர்ந்தது.

நிதி நடைமுறையும் சட்ட ஏற்பும்

நன்கொடைகளை ஏற்கும் அதிகாரத்தை 1920ஆம் ஆண்டுச் சட்டம் உள்துறைச் செயலர்க்கு அளித்திருந்தது. எனவே கொடைக்குத் தடையில்லை. விற்பனையிலேதான் சிக்கல் இருந்தது. அரசு அலுவலகம் ஒன்று நூலை விற்றால், பொதுவிதிப்படி அத்தொகை கருவூலத்தைச் சேரும். அடுத்த நூலை அச்சிட அது பயன்படாது. சங்கம் விற்றாலோ வருவாய் அதே பூங்காவின் கல்விப் பணிக்குத் திரும்பும். இச்சுழற்சியே சங்க முறையின் அடிப்படையாகும்.

1930களில் ராக்கி மவுண்டன், கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் ஆகிய பூங்காக்களிலும் இத்தகைய சங்கங்கள் உருவாயின. பூங்கா ஊழியர்களே பல இடங்களில் சங்கப் பணிகளையும் கவனித்தனர். ஊதியம் அரசினுடையது, விற்பனை சங்கத்தினுடையது. இந்நிலைக்கு 1946 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம் முறையான ஏற்பளித்தது. கல்விப் பணியில் ஈடுபடும் இலாப நோக்கற்ற அறிவியல், வரலாற்றுச் சங்கங்களோடு ஊழியர்கள் ஒத்துழைக்க அது இடம் தந்தது. மறு ஆண்டே கிழக்குப் பகுதி வரலாற்றுத் தலங்களுக்கென ஈஸ்டர்ன் நேஷனல் சங்கம் தோன்றியது. 1956இல் தொடங்கிய ‘மிஷன் 66’ திட்டத்தின் வருகையாளர் மையங்கள் சங்க விற்பனைக்கு நிலையான இடத்தை அளித்தன.

காட்சியகத்தின் பின்புறம்

யோசெமிட்டிக் காட்சியகத்தின் பின்னால், டா-பு-செ என்ற பெயருடைய மேகி ஹோவர்டு என்னும் பாயூட் பெண்மணி 1929 முதல் ஓக் கொட்டையை இடித்து மாவாக்கிச் சமைக்கும் முறையை வருகையாளர்க்குக் காட்டினார். பின்னர் லூசி டெல்லஸும், 1960 முதல் ஜூலியா பார்க்கரும் கூடை முடையும் கலையை விளக்கினர். இவர்களால் வருகையாளர் கல்வி செழுமை பெற்றது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அதே பள்ளத்தாக்கில் தொல்குடியினரின் குடியிருப்பு சுருக்கப்பட்டு வந்தது. நிலையான அரசு ஊழியரும் அவர்தம் குடும்பத்தாரும் மட்டுமே அங்கு வசிக்கலாம் என்னும் 1953ஆம் ஆண்டுக் கொள்கை பலரை வெளியேற்றியது. 1969இல் குடியிருப்பு முற்றிலும் அகற்றப்பட்டது. ஒரு பண்பாட்டைக் காட்சிப்படுத்திய இடத்திலேயே அதற்குரியோரின் வாழ்விடம் அழிந்தது. அவர்கள் விளக்குநராக இருந்தனர். எதனை விளக்குவது, எங்கு வாழ்வது என்பவற்றை முடிவு செய்வோராக இருக்கவில்லை.

நூலடுக்கின் எல்லை

சங்கம் விற்கும் பொருள்களுக்குப் பூங்கா நிர்வாகத்தின் ஒப்புதல் தேவை. எனவே அடுக்கில் இருக்கும் நூல், அரசு எழுதியதன்று எனினும் அரசு அனுமதித்தது ஆகும். இவ்விரட்டைத் தன்மை 2003இல் வெளிப்பட்டது. கிராண்ட் கேன்யன், நோவாவின் காலத்துப் பெருவெள்ளத்தால் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உருவானது என வாதிடும் நூலொன்று, அப்பூங்காவின் சங்கக் கடைகளில் விற்கப்பட்டது. அப்பள்ளத்தாக்கின் அடியிலுள்ள மிகப் பழைய பாறைகள் ஏறத்தாழ 180 கோடி ஆண்டு அகவையுடையவை என்பதே பூங்கா ஊழியர் கற்பித்து வந்த புவியியல். ஏழு அறிவியல் அமைப்புகளின் தலைவர்கள் நூலை அகற்றக் கோரிச் சேவைக்குக் கடிதம் எழுதினர். நூல் அகற்றப்படவில்லை, அறிவியல் நூல்களிலிருந்து பிரிக்கப்பட்டு வேறு பிரிவில் வைக்கப்பட்டது.

கடை சங்கத்தினுடையது என்று கொண்டால் இது வணிகத் தெரிவு; பூங்காவினுடையது என்று கொண்டால் அரசின் கூற்று. வருகையாளர் இவ்வேறுபாட்டை அறிவதில்லை. அவருக்கு அது பூங்கா தரும் நூல்.

முடிவுரை

ஒத்துழைப்புச் சங்கங்களின் தோற்றத்தைக் கொடையுள்ளத்தின் விளைவாக மட்டும் காண்பது முழுமையாகாது. கருவூல விதியால் அரசு செய்ய இயலாததைச் செய்யவே அவை அமைந்தன. அதன் பயனாகப் பூங்காக்கள் காட்சியகங்களையும் வெளியீடுகளையும் பெற்றன. அதே வேளையில், கற்பிக்கும் பொறுப்பு அரசுக்கும் சங்கத்துக்கும் இடையே பிளவுபட்டது. யோசெமிட்டியின் தொல்குடியினர் காட்டும் படிப்பினையும் கிராண்ட் கேன்யன் நூல் காட்டும் படிப்பினையும் இங்கு ஒன்றுபடுகின்றன: பொதுக் கல்விக்குப் பொருள் வழங்குவோர் யார் என்பதைப் போலவே, அதன் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்போர் யார் என்பதும் வெளிப்படையாக வரையறுக்கப்பட வேண்டும்.